மஞ்சள் இலைப்பொடியும் மாமாவின் கால்விரலும்

எங்கள் ஊர் பெருமாட்டியில் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி இட்லிச் சட்டியைத் திறந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தேங்காயும் வெல்லமும் வைத்து, மஞ்சள் செடியின் இலையில் பொதிந்து வேகவைத்த அடை. ஆவியோடு எழுந்த மணத்தை முகர்ந்ததும், இந்த இலையைப் பொடியாக்கிப் பாக்கெட் போட்டால் என்ன என்று தோன்றியது. அடையைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தாவரவியல் படித்தவளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். மூட்டுவலி, ஈரல், சர்க்கரை என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிற மேதாவிகள். கிழங்கைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அப்படியே தூக்கி இலையின் தலையில் வைத்தார்கள். இலை வேறு, கிழங்கு வேறு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய எனக்கும் அது உறைக்கவில்லை. அவர்களைவிடக் கேவலம், நான் அதை லேபிளில் அச்சடித்தேன். ‘மருந்து’ என்ற சொல்லை மட்டும் தவிர்த்தேன். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

தோப்பில் தென்னைகளுக்கு நடுவே நின்ற மஞ்சளில் இலை அறுத்து, நிழலில் காயவைத்து, மிக்ஸியில் அரைத்தேன். மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில், காலையில் பால் ஊற்ற வரிசையில் நின்றவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தேன். பதினொரு பாக்கெட். அங்கே கூட்டம் இருக்கும் என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை.

ஒரு மாதத்தில் மாமாவின் கால் கட்டைவிரல் கறுத்தது. அம்மாவின் அண்ணன், பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். அதை நிறுத்திவிட்டு என் பொடியைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கேட்டேன்.

“ஏனுங்க மாமா, மாத்திரைய எதுக்குங்க நிறுத்துனீங்க?”

“சொசைட்டியில குடுத்தியே கண்ணு. மாட்டுக்குப் பூச்சி மருந்து அங்கதான் வாங்கறோம். அந்த மருந்து ஒருக்காவாச்சும் கேக்காமப் போயிருக்குதா?”

அத்தை ஆரஞ்சு உரித்தபடியே சொன்னார்: “அந்தத் தழைய நம்மூட்டு மாடு மோந்துகூடப் பாக்கல. காலேஜுக்கு அந்த மாட்டத்தான் அனுப்பியிருக்கோணும்.”

மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை எடுக்க வேண்டுமா என்று வெள்ளிக்கிழமை பார்த்துச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

வீடியோ போட்ட ஒருவருக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கூப்பிய கைப்படம் ஒன்றும் புது வீடியோ ஒன்றும் வந்தன. இந்த முறை கொய்யா இலை. என்ன ஜென்மங்கள்! அந்தக் கூட்டத்தில் பதினொரு பாக்கெட் அளவுக்கு நானும் ஒருத்தி.

மீதிப் பத்து பாக்கெட்டும் யார் யார் வீட்டு அடுப்பில் கொதிக்கின்றனவோ. வீடு வீடாகப் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள்; சொசைட்டியில் கொடுத்ததைச் சொசைட்டியில் வைத்தே வேண்டாமென்று சொன்னால்தான் எடுபடும். நாளைக் காலை முதல் கேன் இறங்கும் முன்பே போய் நிற்கப்போகிறேன். பால் அளக்கிறவரிடம் மைக் கேட்டிருக்கிறேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அது அடை வேகவைக்கற இலைங்க. யாரும் மாத்திரைய நிறுத்திராதீங்க.”