தியேட்டர் அண்ணனுக்கு ஏற்றிய படங்கள்

அந்த ஓட்டலின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே மாடி மாடியாக யார் யாரோ புரண்டு படுத்த விரிப்புகளெல்லாம் ஒரு தகரக் குழாய் வழியாகச் சரிந்து வந்து கீழே குவியும். துவைத்து வந்த ஈர விரிப்பை நீராவி உருளைக்கு ஊட்டுவது தியேட்டர் அண்ணனின் வேலை. இரண்டு நுனியையும் இழுத்துப் பிடித்து, ஒரு சுருக்கம் விழாமல் உள்ளே விட வேண்டும். நினைப்பு கொஞ்சம் எங்காவது போனால் உருளை விரலையும் சேர்த்து இஸ்திரி போட்டுவிடும். அதனால் வேலை நேரத்தில் அவர் அதிகம் பேசுவதில்லை. பேச்செல்லாம் வேலையாட்கள் தங்கும் விடுதிக்கு வந்த பிறகுதான்.

விடுதியில் வைஃபை உண்டு என்று சொல்லித்தான் ஆளெடுத்தார்கள். உண்டுதான். மாடிப்படி திரும்புகிற இடத்தில், தண்ணீர்க் குழாயை ஒட்டி, ஒரு ஆள் நிற்கக்கூடிய இடத்தில் மட்டும் உண்டு. அங்கே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஊருக்குக் கிளம்புகிறவர்களின் போனில் படம் ஏற்றிக் கொடுத்துக் கொடுத்துத்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மேற்பார்வையாளரே, “தியேட்டர் எங்கப்பா, மூணாவது உருளை நிக்குது” என்றுதான் கேட்பார்.

முதன்முதலில் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்தபோது, விலை குறைந்த விமானத்தில், முன்சீட்டின் முதுகையே வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்த மனிதர் அவர். அழுகையை அடக்க, கண்ணுக்கு முன்னால் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மற்றவர்களுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று ஆரம்பித்தது, பிறகு ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது. போனை வாங்கியதும் எதற்குப் போகிறாய் என்று கேட்பார். கல்யாணத்துக்குப் போகிறவனுக்குப் பாட்டு நிறைய இருக்கிற படம். பிள்ளை பிறந்திருக்கிறது என்று போகிறவனுக்கு எதை ஏற்றினாலும் ஒன்றுதான், அவன் படம் பார்க்க மாட்டான், போட்டோவைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பார். சாவுக்குப் போகிறவனின் போனுக்குத்தான் நேரமெடுப்பார். யாரும் சாகாத படம், ஆஸ்பத்திரி வராத படம், பிள்ளையைத் தேடி அம்மா வாசலில் நிற்காத படம் என்று சல்லடை போட்டுச் சலித்துத்தான் ஏற்றுவார். ஏற்றி முடித்ததும் போனைப் பிளைட் மோடில் போட்டு, ஒவ்வொரு படத்தையும் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்ப்பார். சில படம் இறங்கிவிட்டது போலவே நடிக்கும், மேலே போனதும் நெட் இல்லையென்று கையை விரித்துவிடும் என்பது அவருக்குப் பட்டுத் தெரிந்த விஷயம்.

அவருடைய சொந்த போன் ஒரு குடோன் மாதிரி. காலை வணக்கம், பூங்கொத்து, யாரோ யாருக்கோ சொன்ன அறிவுரை என்று குழுக்களில் வந்து விழுகிற வீடியோவெல்லாம் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று, எதுவும் தானாக இறங்காதபடி அடைத்து வைத்திருந்தார். வேண்டுமென்றால் தொட்டால் இறங்கும். தொடாவிட்டால் மங்கலாக ஒரு கட்டம், நடுவில் ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான்.

அக்கா கூப்பிட்டது ஒரு மத்தியான வேளையில். அம்மாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பெரும்பாலும் நினைவில்லாமல்தான் கிடக்கிறது, முகம் பார்க்க வேண்டுமென்றால் வா என்று டாக்டர் வாயாலேயே சொல்லிவிட்டார் என்றாள். தியேட்டர் அண்ணன் உருளையை நிறுத்தாமல், கையிலிருந்த விரிப்பை முழுக்க உள்ளே விட்டுவிட்டு, அதன் பிறகுதான் சுவரோரம் போய் உட்கார்ந்தார். அம்மாவிடம் நேரில் பேசி வருஷக்கணக்காகிறது. போன லீவை, இன்னொருவன் தங்கச்சி கல்யாணத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அடுத்த தடவை என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் சரி என்றுதான் சொன்னது. இப்போது அவருக்கு வேண்டியதெல்லாம் அம்மா கண் திறந்திருக்கும்போது போய் நிற்பது, நான்தான்மா என்று ஒரு வார்த்தை சொல்வது. அதற்குமேல் அவர் ஆசைப்படவில்லை.

பெட்டியைக் கட்டும்போது கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் டெய்லர் வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஊருக்கெல்லாம் ஏற்றுகிறவருக்கு நாம் ஏற்ற வேண்டாமா என்று, முக்காலியில் அவனே உட்கார்ந்து ஆறு படம் இறக்கிக்கொண்டு வந்தான். இவர் வரிசையைத் தள்ளிப் பார்த்தார்.

“எல்லாம் பேய்ப் படமாவே இருக்கேடா.”

“நீங்க சொன்ன மாதிரிதான் அண்ணே போட்டேன். இதுலதான் யாரும் புதுசா சாக மாட்டாங்க. ஏற்கெனவே செத்தவங்கதான் வருவாங்க.”

சொல்லிவிட்டு டெய்லர் நாக்கைக் கடித்துக்கொண்டான். தியேட்டர் அண்ணன் சிரித்தார். இரண்டு நாளில் அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

விமான நிலையத்தில், ஏறும் வாசலுக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் பக்கத்தில் ஒரு பெயிண்டர் உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் இன்னும் வெள்ளைச் சாயம். போனைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டிருந்தான். படம் இறக்கி வைத்தேன், இப்போது ஒன்றும் திறக்க மாட்டேனென்கிறது என்றான். தியேட்டர் அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. கையை நீட்டிவிட்டார். ஆப்பில் கணக்குக்குள் ஒரு தடவை போய் வர வேண்டும், நெட் இருக்கும்போதே ஒரு தடவை திறந்து விட வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் அவருடைய சட்டைப் பையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மேலே அக்கா பெயர். ஏறிவிட்டாயா என்று கேட்கிறாள் என்று நினைத்தார். உட்கார்ந்ததும் பதில் போடலாம் என்று பையில் வைத்துவிட்டு, பெயிண்டரின் கடைசிப் படத்தையும் மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கை தானாகப் பிளைட் மோடைப் போட்டது. எத்தனையோ பேர் போனில் செய்து செய்து ஊறிப்போன பழக்கம். யாரும் இன்னும் சொல்லவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு அக்காவுக்கு எழுதலாம் என்று திறந்தால், அங்கே கேள்வி எதுவும் இல்லை. ஒரு வீடியோ. மங்கலான கட்டம், நடுவில் அம்புக்குறி.

அவசரமாகப் பிளைட் மோடை எடுத்துவிட்டு அம்புக்குறியைத் தொட்டார். வட்டம் சுற்றியது. விமானம் அதற்குள் நகர ஆரம்பித்திருந்தது. வட்டம் ஒரு துளி நிறைந்து, நின்று, மறுபடி வெறுமையாகச் சுற்றியது. பணிப்பெண் வந்து போனைப் பிளைட் மோடுக்கு மாற்றச் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறது, ஒரு நிமிஷம் என்றார். அந்தப் பெண் முகம் இளகத்தான் செய்தது, ஆனால் சட்டம் இளகவில்லை. மேலே போன பிறகு நெட் கிடைக்குமா என்று கேட்டதற்கு, இந்த விமானத்தில் அந்த வசதி கிடையாது என்றாள். வீடுகளெல்லாம் தீப்பெட்டியாகி, மேகம் வந்து மூடியது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவரே அதை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் அந்தக் கட்டத்தைத்தான். விரல்நகம் அளவுக்குப் பச்சையாக ஏதோ இருந்தது, ஆஸ்பத்திரித் திரையாக இருக்கலாம். கீழே வெள்ளை. நடுவில் பழுப்பாக ஒரு தீற்றல். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். அந்தப் பழுப்பு அம்மாவின் முகம் என்றால், அது படுத்தவாக்கில் இல்லை, நிமிர்ந்தவாக்கில் இருந்தது. அப்படியானால் அம்மா எழுந்து உட்கார்ந்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்ததைக் காட்டத்தான் அக்கா வீடியோ எடுத்திருக்கிறாள். வேறெதற்கு எடுப்பாள்? கெட்ட செய்தி என்றால் யாராவது வீடியோ எடுப்பார்களா? கொஞ்ச நேரம் நெஞ்சு லேசானது. பிறகு அக்கா அழுதுகொண்டே எடுத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. மறுபடி கனத்தது.

பக்கத்து சீட்டுக்கே வந்திருந்த பெயிண்டர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னண்ணே இறங்கலையா என்று கேட்டான். ஊருக்கெல்லாம் இறக்கிக் கொடுக்கிற ஆள் என்று அவனுக்குத் தெரியாது. சும்மா ஏதாவது பூப் போட்ட வீடியோவாக இருக்கும், விடுங்கள் என்று ஆறுதல் சொன்னான். இவருக்கும் அப்படியே இருக்கட்டும் என்று இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பூப் போட்ட வீடியோ மேல் ஆசை வந்தது.

மனதை மாற்றலாமென்று டெய்லர் ஏற்றியதில் ஒன்றைத் திறந்தார். பாழடைந்த பங்களா, காற்றில் ஆடுகிற கதவு, எல்லாம் சரியாகத்தான் போனது. பாதியில் பார்த்தால் அந்தப் பேயே ஒரு தாய். பிள்ளையைத் தேடி அலைகிறது. மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தார். அதிலும் சுவரில் மாலை போட்ட அம்மா படம். மற்றவர்களுக்கு இத்தனை காலம் சல்லடை போட்டுச் சலித்துக் கொடுத்த மனிதருக்கு, தனக்கென்று தேடும்போது அம்மா இல்லாத படம் ஒன்றுகூடக் கையில் சிக்கவில்லை. பெயிண்டர் தன் படத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, இயர்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றி நீட்டினான். இவர் வாங்கி ஒரு காதில் வைத்துக்கொண்டார். ஒரு காதில் யாரோ யாரையோ துரத்தினார்கள், வழுக்கி விழுந்தார்கள். இன்னொரு காதில் எஞ்சின் இரைந்தது. அவன் சிரித்த இடத்திலெல்லாம் இவரும் தலையை ஆட்டினார்.

சக்கரம் தரையைத் தொட்டதும் போனைத் திறந்தார். சிக்னல் ஒரு கோடு, பிறகு இரண்டு. அம்புக்குறியைத் தொட்டார். எல்லோரும் எழுந்து மேல்தட்டிலிருந்து பைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் நிறைந்தது. கட்டம் பளிச்சென்று தெளிந்தது.

பச்சை, திரைதான். வெள்ளை, தலையணை. அம்மா அதில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மூக்கில் குழாய். கண் திறந்திருந்தது, நேராக போனைப் பார்த்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அக்காவின் குரல் மட்டும் வந்தது. “தம்பி, அம்மா முழிச்சிருக்குடா. நல்லா நினைப்போட இருக்கு. உன்னைத்தான் கேக்குது. ஏறுறதுக்கு முன்னாடி உடனே கூப்பிடு. நாலு வார்த்தை பேசு.”

மறுபடி ஓட்டவில்லை. அக்காவைக் கூப்பிட்டார். எடுத்தது மாமா. தம்பி இறங்கிட்டான் என்று யாரிடமோ சொல்லிவிட்டு, வேறெதுவும் பேசாமல் அக்காவிடம் கொடுத்தார். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. அக்கா அழவில்லை. அழுது ஓய்ந்த குரல்.

“எப்ப?” என்றார்.

“நீ மேல வந்துட்டிருக்கும்போது.”

“வீடியோவ இப்பதான் பாத்தேன்க்கா.”

“ரெண்டு டிக் விழுந்துச்சு. அதான், கிடைச்சிடுச்சு, இப்பக் கூப்பிடுவேன்னு இருந்தோம். அம்மாவும் போனையே பாத்துட்டிருந்துச்சு.”

அவர் வழியில் நின்றுகொண்டிருந்தார். ஆட்கள் அவரை உரசிக்கொண்டு போனார்கள். அக்காவே தொடர்ந்தாள். நேரம் போகப் போக அம்மாவுக்கு மறுபடி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. குரலையாவது கேட்கட்டும் என்று, அம்மாவின் போனில் அவர் பேசி அனுப்பிய பழைய குரல் பதிவையெல்லாம் தேடியிருக்கிறாள்.

“எதைத் தொட்டாலும் சரிம்மா, வைக்கிறேம்மா, அப்புறம் பேசறேம்மா. அவ்வளவுதான்டா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் நீளமா இருந்துச்சு. அதைப் போட்டேன்.”

“எது?”

“பஸ்ஸுல படம் பாக்கறதுக்குச் சொல்லிக் குடுத்தியே, அது.”

ஆஸ்பத்திரிக்கு வாரா வாரம் போய்வருகிற பாதையில் பாதி தூரம் சிக்னல் இருக்காது, பொழுதே போகவில்லை என்று அம்மா ஒரு தடவை குறைப்பட்டது. வீட்டிலேயே படத்தை இறக்கி வைத்துக்கொள், பஸ்ஸில் நெட் இல்லாமலே ஓடும் என்று, மாடிப்படித் திருப்பத்தில் நின்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அம்புக்குறியத் தொடும்மா. வட்டம் சுத்தும். நிறையுற வரைக்கும் பொறு. அவசரப்பட்டு வெளிய வந்துடாதே.

“கேட்டுச்சா அக்கா?”

“கேட்டுச்சு. அம்புக்குறியத் தொடுன்னு நீ சொன்னப்ப, விரல அசைச்சுச்சு.”

பெயிண்டர் மேலே இருந்த அவருடைய பையை எடுத்து அவர் காலடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றான். தியேட்டர் அண்ணனுக்குத் தான் பேசியது முழுக்க நினைவுக்கு வந்துவிட்டது. கடைசியில் என்ன சொல்லி முடித்தார் என்பதும்.

“முழுசும் போட்டியா?”



“இல்லடா. கடைசில சலிச்சுக்குவே இல்ல, எத்தனை தரம் சொல்றதுன்னு. அது வர்றதுக்கு முன்னாடி நிறுத்திட்டேன். மறுபடி முதல்லேருந்து போட்டேன்.”

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவர் பையை எடுத்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து இறக்காமல் வரிசையோடு நகர்ந்தார். எங்கே இருக்கிறாய், இறங்கிவிட்டாயா என்று அக்கா கேட்டாள்.

“இறங்கிட்டுதான் இருக்கேன்” என்றார்.