சிவப்புக்கல் தோடு

என் காதில் கிடக்கும் சிவப்புக்கல் தோடு கார்னெட். ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்பே, தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் நானே வாங்கியது. நிழலில் கறுப்பாகத் தெரியும். வெயிலில் திரும்பினால் மாதுளை முத்துதான். வீட்டுக்காரர் போன பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. பலர் கண்ணை உறுத்தியது. உறுத்தட்டும்.

மகளின் நிச்சயத்துக்கு முந்தின வாரம், வீட்டுக்காரரின் அக்கா சமயநல்லூரிலிருந்து வந்தார். என்னைப் போல அவரும் கணவரை இழந்தவர்தான். சின்ன வயதிலேயே மூக்குத்தி வரை கழற்றி வைத்தவர். எனக்கென்று தேன் நிறக் கல் வைத்த ஒரு மோதிரம் வாங்கி வந்திருந்தார்.

"ஏத்தா, இது கோமேதகம். ராகுவுக்கு ஆகும்னு ஜோசியர் சொன்னாரு. இதப் போட்டுக்கிட்டு அந்தச் செவப்பக் கழட்டிரு. நல்லது நடக்குற எடத்துல நம்மள மாதிரி ஆளுக செவப்பு போடலாமா? தட்ட ஒங்க அண்ணனும் அவரு பொண்டாட்டியும் மாத்தட்டும். நாம பின்னால உக்காந்துக்கிருவோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவளிடமா?

"மதினி, கோமேதகமும் கார்னெட்டுதான். உள்ள கலந்திருக்குற உலோகம் மாறுனா நெறம் மாறும். பச்சைகூட இருக்கு. ஒரே வகைக் கல்லுல ஒண்ணு ஆகும், இன்னொண்ணு ஆகாதா?"

அவர் நம்பவில்லை. மோதிரம் வாங்கிய கடைக்கே போன் போட்டார். "ஆமாக்கா, அதுவும் கார்னெட் வகைதான்" என்றார் கடைக்காரர்.

"கல்லு ஒண்ணாவே இருக்கட்டும். ஊரு வாய் சும்மா இருக்குமா?"

"எம்புள்ளைய ஊரா வளத்துச்சு? தட்ட நாந்தான் மாத்துவேன்."

நிச்சயத்தன்று தோட்டையும் போட்டேன், மோதிரத்தையும் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, இரண்டும் சேர்ந்து அழகாகத்தான் இருந்தன. தட்டு மாற்ற ஜோடியாகத்தான் நிற்க வேண்டும் என்றார் ஒரு பெரியவர். அண்ணன் பாதி எழுந்து, என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு பின்வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"மதினி, வாங்க."

வேண்டாம் என்று கையை ஆட்டினார். நல்ல நேரம் போகுது என்று யாரோ முனகினார்கள். போகட்டும் என்று நின்றேன்.

"நீங்க வராம நான் மாத்த மாட்டேன்."

கடைசியில் எழுந்து வந்தார். தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது மதினி என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"ஏத்தா, எனக்குச் செவப்பு நல்லாருக்குமா?"