விழுங்காத பால்

இலவசமாக எதையாவது ஊற்றிக் கொடுக்கிற வேலைக்கு நன்றியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். முதலில் வசவுதான் வரும். வரிசைக்கு இந்தப் பக்கம் கரண்டியோடு நின்றவர்களுக்கு இது தெரியும். சத்துணவுக்கூடத்து ஆட்கள், ரேஷன் கடைக்காரர்கள், உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படியுங்கள்.

நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அரசாங்கத் தாய்சேய் நல நிலையம், ஓட்டுக் கட்டடம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் காலையில் பால். கப்பலில் வந்த பவுடர். கரைத்து ஊற்றுகிறவன் நான். எனக்கு மேலே நர்ஸம்மா. சேலத்து மாதாகோயில் தெருக்காரர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிரிப்பார்.

கட்டி

முதல் நாள் கொதிக்கிற தண்ணீரில் பவுடரை அப்படியே கொட்டிவிட்டேன். ஆறிய தண்ணீரில் குழைத்துக்கொண்டு பிறகு சுடுதண்ணீர் விட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அண்டா முழுக்க உருண்டை உருண்டையாக மிதந்தது.

வரிசையில் முதலாவது செல்லாயி. கடலைக்காட்டுக் கூலி. வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இடுப்பில் இருந்தது பழனியம்மா. மூன்று வயது, பார்த்தால் ஒன்று என்பீர்கள். கைகால் குச்சி, வயிறு பானை. "பால் உள்ள போகலைன்னா இது ஆடி மாசத்தைப் பாக்காது" என்று நர்ஸம்மா நேருக்கு நேர் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளைக்குத்தான் நான் கட்டிப்பாலை நீட்டுகிறேன். செல்லாயி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏனுங்க, கவருமெண்டுல பாலும் கொழுக்கட்டையும் ஒண்ணாத்தான் குடுப்பாங்களா?"

உறை

மறுநாள் பால் சரியாக வந்தது. ஆள் வரவில்லை. எலும்புப் பொடி என்று ஊரில் ஒரு பேச்சு, சுண்ணாம்பு என்று இன்னொரு பேச்சு. எருமை கட்டிப் பால் கறக்கிற காட்டுக்காரப் பண்ணாடிச்சி நாச்சம்மா, தான் பார்த்துச் சொல்லும்வரை எந்தப் பிள்ளை வாயிலும் ஊற்றக் கூடாது என்றுவிட்டார். செல்லாயி கூலிக்குப் போவது அவர் காட்டுக்குத்தான். வாசலிலேயே நின்றாள். பிள்ளை டம்ளரைப் பார்த்துக் கை நீட்டியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நாச்சம்மா ஒரு மண்சட்டியோடு வந்தார். பாலை வாங்கினார். கொண்டுவந்த மோரிலிருந்து ஒரு துளியை அதில் விட்டார், மூடினார், எங்கள் மேசைமேலேயே வைத்தார். "பாலா இருந்தா தயிராவும். பொடியா இருந்தா பொடியாவே கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விடிந்ததும் தெருவே திரண்டு வந்துவிட்டது. மூடியை எடுத்தார். சட்டியைச் சாய்த்தார். எருமைத்தயிர்போல் கெட்டியில்லை, ஆனால் தயிர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். செல்லாயி தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கிப் பிள்ளை வாயில் வைத்துவிட்டாள். நாச்சம்மா அதைக் கவனிக்கவே இல்லை. சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல் நின்றார்.

"மாட்டயே கண்ணுல பாக்குல. கடலத் தாண்டி வந்த பாலு எம்பட மோருக்குக் கட்டுப்படுதே, சாமி!"

இங்கேயே குடி

எங்களுக்கு ஒரு சட்டம். பால் வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குப் போனால் மாமியார் காப்பியில் சேரும், புருஷன் வயிற்றில் சேரும். இது பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன். பிள்ளை நேரில் வந்தால்தான் பிள்ளைப் பங்கு.

பழனியம்மா கொஞ்சம் தேறி வந்தது. அப்புறம் காய்ச்சல். தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. நர்ஸம்மா மாத்திரை கொடுத்தார். செல்லாயி வீட்டுக்குக் கொண்டுபோகப் பாலும் கேட்டாள். சட்டத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் தனியாக வருவாள், தன் பங்கைக் குடிப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று போய்விடுவாள். "சொல்லிட்டுப் போனா வாயில இருக்கற முத்து உதுந்துருமா?" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் நர்ஸம்மா வாசலை மறித்து நின்றார். "பிள்ளை எப்படி இருக்கு?" பதில் இல்லை. "கேக்கறேன்ல?" பதில் இல்லை. கண் மட்டும் கெஞ்சியது. உதட்டோரம் வெள்ளையாக ஒரு சொட்டு. அதை அவள் துடைக்கவில்லை, புறங்கையில் ஏந்திக்கொண்டாள். "என்னம்மா, திமிரா?" என்றேன் நான். நர்ஸம்மா சட்டென்று ஒதுங்கினார்.

"சும்மா இருப்பா. வழிய விடு. அவ வாயில பிள்ளைக்குப் பால் இருக்கு."

நான் நடந்தது

நர்ஸம்மா ஒரு சொம்பு நிறையப் பாலை மொண்டார். எதுவும் சொல்லாமல் செல்லாயி பின்னாலேயே போனார். சட்டம் அன்றைக்கு அவர் காலடியில் கிடந்தது.

நான் தனியாக இருந்தேன். அண்டாவில் மிச்சம் இருந்தது. வாயில் பாலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியும் என்று நம்பிக்கை வரவில்லை. நானும் ஒரு வாய்ப் பாலை வாயில் அடக்கிக்கொண்டு நடந்தேன். செல்லாயி குடிசைக்குப் பொதுக்கிணறு தாண்டணும், புளியமரம் தாண்டணும், அப்புறம் வண்டித்தடத்தில் ஏறணும். நான் கிணற்றடி வரைதான். விழுங்கணும் என்று நினைக்கவில்லை. தொண்டை என்னைக் கேட்கவில்லை. தானாக இறங்கிவிட்டது. மறுபடி முயன்றேன். அதுவும் கிணற்றடியில் போயிற்று. வெறுங்கொப்பளிப்புத் தண்ணீர் என்றால் யாரும் வைத்திருப்பார்கள். இது பால், நாக்கு இனிப்பைத் தெரிந்துகொண்டால் விடுமா? அவள் தினமும் அதை வெயிலில் சுமந்து போய்க் கொட்டாங்குச்சியில் விட்டுப் பிள்ளைக்குப் புகட்டியிருக்கிறாள். திரும்பி வந்த நர்ஸம்மா, அசட்டு முழி முழித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கம்மஞ்சோறு தின்னுட்டு நிக்கற உனக்கே எறங்கிருச்சு. அவ நேத்து மத்தியானத்துக்கு மேல ஒண்ணும் தின்னலப்பா."

தண்ணீர்

அப்புறம் தினமும் சொம்போடு போனது நான். மேலே எழுதி அனுமதி வாங்கினாரா என்று நர்ஸம்மாவை நான் கேட்கவில்லை. சாக்குமேல் கிடக்கும் பிள்ளை. செல்லாயி அதன் தலையை மடியில் ஏந்தி, சொட்டுச் சொட்டாக விடுவாள். பாதி வெளியே வழியும். வழிந்ததை விரலால் வழித்து மறுபடி வாயில் வைப்பாள். கழுத்து நிற்கத் தொடங்கியது. பிறகு உட்கார்ந்தது. கண்ணெதிரே ஒரு பிள்ளை திரும்பி வருவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆடிக் காற்று அடித்த ஒரு காலையில் வரிசை பிளந்தது. பழனியம்மா தன் காலால் நடந்து வந்தது. பின்னால் செல்லாயி, கையில் புதிதாகப் பிறந்த தம்பி. நர்ஸம்மா சிரித்தார். அன்றைக்கு ஞாயிறுகூட இல்லை. பிள்ளை ஒரு டம்ளரை மூச்சுவிடாமல் குடித்தது, கவிழ்த்துப் பார்த்தது, என்னை முறைத்தது.

"ஒரே தண்ணி. நல்ல பாலா ஊத்துங்க."

பால் ஊற்றியதற்கு அரசாங்கம் எனக்கு இன்றுவரை பென்ஷன் தருகிறது. விழுங்காமல் நடந்தவளுக்கு என்ன தருவதென்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.