தண்ணீரை இழுத்த வளை

சேக்காட்டுப் பக்கம், இப்போது நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டுகள் நிற்கிற இடத்தில் இருந்த ஏரிக்கரையில், ஒரு நீர்நாயின் குட்டிகளை நான் பொய் சொல்லிக் கொன்றேன். பக்கத்து வீட்டில் நண்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தாலே இந்த வயதிலும் சோர்ந்துபோகிறேன்.

மழைக்காலத்தில் கரை கசிந்தால், எந்த வளை தண்ணீரை இழுக்கிறது என்று ஏரித் தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவிப் பார்க்க வேண்டும்; சின்னக் கை என்று என்னை இறக்குவார்கள். நண்டு வளையில் விரல்கள்தான் நுழையும், அதன் வாயில் மண் உருண்டைகள் வழுக்கும். நீர்நாயின் வளையோ தோள்வரை விழுங்கும், உள்ளே மீன் நாற்றமும் வெதுவெதுப்பும் இருக்கும்.

அன்று இழுத்தது நண்டு வளை.

"இன்னா நைனா, நண்டா, நாயா?" மேலிருந்து கேட்டார் கரைக்காவல் ஏழுமலை.

"நாய்தான் அண்ணாத்தே," என்றேன். நான் பிடிக்க நினைத்த நண்டுகளையெல்லாம் அது தின்றுவிடுகிறதே என்ற ஆத்திரம்.

"பாரேன், கரையவே ஊடாக்கிகினு கீது!" என்று, நான் கைகாட்டிய நீர்நாய் வளையில் வைக்கோலும் களிமண்ணும் திணித்து மிதித்து அடைத்தார்.

சாயங்காலம் வாயில் மீனோடு வந்த தாய், இருட்டும்வரை அந்த மண்ணைப் பிறாண்டிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. விடிந்ததும் ஓடிப்போய்த் தோண்டினேன். இரண்டு குட்டிகள்; மூச்சில்லை. தாயைக் காணோம். கரை கசிந்துகொண்டேதான் இருந்தது.

ஏழுமலையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. "போ நைனா, ஊட்டுக்குப் போ," என்றார்; பிறகு என்னைத் தண்ணீரில் இறக்கவே இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க, பிடித்த நண்டுகளையெல்லாம் தாய்க்கென்று வளை வாயில் வைத்துவிட்டு வந்தேன். அது வரவில்லை. நண்டுகள்தான் உள்ளே நடந்துபோய், அந்தக் காலி வளையின் சுவரிலேயே தங்களுக்கு வளை தோண்டிக்கொண்டன.