பந்தி முடியட்டும்

ஹைட்ரோமீட்டரைப் பார்க்கக் குனியும்போது வாஞ்சிநாதன் மூச்சை அடக்கிக்கொள்வார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும் என்பது ஒரு காரணம். தன் மூச்சு பட்டு அந்தக் கண்ணாடிக் குழல் ஒரு கோடு நகர்ந்துவிடுமோ என்ற பயம் இன்னொன்று. அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், தன் வீட்டு பேஸ்மென்ட்டில், பக்கெட்டில் புளிக்கிற பீரிலிருந்து ஓர் உயரமான கிளாஸில் கொஞ்சம் பிடித்து, குழலை அதில் மிதக்கவிட்டு, கற்பூர ஆரத்திக்கு நிற்பதுபோல் நிற்பார்.

பீரில் சர்க்கரை இருக்கும்வரை குழல் தூக்கிக்கொண்டு மிதக்கும். யீஸ்ட் அதைத் தின்னத் தின்னக் கீழே இறங்கும். அடுத்தடுத்த நாட்களில் பார்த்தும் ஒரே கோட்டில் நின்றால்தான் பாட்டிலில் அடைப்பார். சோதித்த பீரைத் திரும்ப பக்கெட்டில் ஊற்றக் கூடாது, கிருமி சேரும். ஆகவே கடமை தவறாமல் குடித்துவிடுவார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஏர்போர்ட்டுக்கு நாலு மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருகிற மனிதர். அவரே ஒருமுறை அவசரப்பட்டார். போன குளிர்காலத்தில் பக்கெட்டில் குமிழி நின்றதும், இட்லி மாவைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, "பொங்கி அடங்கிடுச்சு" என்று அடைத்துவிட்டார். யீஸ்ட் பேஸ்மென்ட் குளிரில் சுருண்டு தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மாடிப்படிக்குக் கீழே, ஹீட்டர் குழாய் ஓடும் அலமாரியின் கதகதப்பில் அது விழித்துக்கொண்டது. பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. பக்கத்தில் கொலு பொம்மைப் பெட்டி. அடுத்த நவராத்திரியில், எத்தனை துடைத்தும், செட்டியார் பொம்மையிடம் மட்டும் லேசாக வாசனை வந்தது.

மனைவி ருக்மிணி பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள். "இன்னொரு பாட்டில் வெடிச்சா, அந்த பக்கெட் குப்பைக்குப் போகும். சொல்லிட்டேன்."

இப்போதைய பக்கெட் தீபக்குக்காக. பக்கத்துத் தெருப் பையன். பையன் என்றாலும் காதோரம் நரைத்துவிட்டது, அத்தனை வருஷம் கழித்து கிரீன் கார்டு வந்திருக்கிறது. பார்ட்டிக்கு நம் பீர்தான் என்று வாஞ்சிநாதன் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அங்கிள், இன்னைக்கு பாட்டில் பண்ணாதான் ரெண்டு வாரத்துல பார்ட்டிக்கு ரெடியாகும்," என்றான் தீபக், பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்து.

"நேத்துக்கு இன்னைக்கு ஒரு கோடு இறங்கியிருக்கே. இன்னும் சாப்பிட்டுட்டு இருக்கு."

"ஒரு கோடுதானே?"

"பந்தியில உக்காந்தவன பாதியில எழுப்புவியா? பாட்டில்ல போட்டு மூடினா அங்கயும் தின்னும். ஏப்பம் விட வழி இருக்காதுப்பா."

"எனக்கு கார்டு குடுத்தவனே உங்களவிட ஃபாஸ்ட் அங்கிள்."

வாஞ்சிநாதன் சிரித்தார், அடைக்கவில்லை. குழல் அசையாமல் நின்றபின், அடுத்த வாரம்தான், நுரைக்கு மட்டும் அளந்து கொஞ்சம் சர்க்கரை சேர்த்து அடைத்தார். அந்த வெடிப்புக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்புவது வழக்கம். உள்ளே வாயு ஏறுவதை அதை அமுக்கியே தெரிந்துகொள்ளலாம்.

பார்ட்டிக்குக் கடை பீரோடு போனார்.

"வாங்க அங்கிள். உங்க பந்தி முடிஞ்சுதா?" என்று தீபக் எல்லோருக்கும் கேட்கும்படி வரவேற்றான்.

"முடிஞ்சிடுச்சு. கை கழுவிட்டு இருக்காங்க. அடுத்த வாரம் வீட்டுக்கு வா."

வீடு திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தார். ஒரு பாட்டிலும் வெடிக்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டைவிரலால் அமுக்கினார். அளவாக இறுகியிருந்தது. அதற்குப் பக்கத்தில், பழைய இடத்திலேயே, கொலு பொம்மைப் பெட்டி.

"மாடியில இடம் இல்ல," என்றாள் ருக்மிணி, அவர் முகத்தைப் பார்க்காமல். "அதான் நீங்க இத்தனை தடவை பாத்துட்டீங்களே."

வாஞ்சிநாதனுக்கு வாயெல்லாம் பல். இன்னொரு முறை பாட்டிலை அமுக்கிப் பார்த்தார். பிறகு பொம்மைப் பெட்டியை இரு கையாலும் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெல்ல மாடிப்படி ஏறினார்.