பொட்டு வைத்த கிளி

எங்கள் கிளியைப் போல ஒரு கிளி விழுப்புரம் ஜில்லாவிலேயே கிடையாது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பச்சைக்கிளி இல்லை. அதை வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. இது காக்கடீல் என்கிற வெளிநாட்டுச் சாதி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம். ஆணும் பெண்ணுமாக இரண்டு வளர்க்கிறோம். ஆண் கிளிக்கு வலது கன்னத்து வட்டத்துக்குள் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி. பிறக்கும்போதே திருஷ்டிப் பொட்டோடு வந்த ராஜா அது.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டூடியோ. தினமும் விழுப்புரத்திலிருந்து போய் வருகிறோம். நான் படம் எடுப்பேன், அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்துவார். எத்தனையோ கல்யாணப் பெண்களை எடுத்த கைதான், ஆனால் கிளியை எடுப்பது பெரிய பேஜாரு. கொஞ்சம் சிரிங்க என்றால் சிரிக்குமா? வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பழக்கினேன். கேமராவைத் தூக்கினால் வலது கன்னத்தைக் காட்டி, கொண்டையை நிமிர்த்தி அசையாமல் நிற்க வேண்டும். க்ளிக் சத்தம் கேட்டதும் தினைக்கதிர் கிடைக்கும். கற்றுக்கொண்டது. எந்த மாப்பிள்ளையும் என் எதிரில் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

போன கோடையில் ஒரு நாள், கொசுவலை கழன்ற ஜன்னல் வழியாக அது பறந்து போய்விட்டது. பெண் கிளி ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, தீனியைத் தொடவில்லை. ஜோடி வராவிட்டால் இதுவும் போய்விடும் என்று பயந்துபோனேன். வெட்கமில்லாமல் அழுதேன். வீட்டுக்காரர் கிளியின் படம் போட்டு நோட்டீஸ் அடித்துத் தெருத்தெருவாக ஒட்டினார்.

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருப்பதாக, அதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. திண்டிவனத்திலிருந்து கேமரா பையோடு அப்படியே ஓடினோம். வராந்தாவில் புதுக் கூண்டு, உள்ளே என் ராஜா! கண்டெடுத்த அம்மா எங்கள் நோட்டீஸைக் கையில் வைத்திருந்தார்.

"இது உங்களுது இல்லம்மா. உங்க போட்டோவுல கன்னம் சுத்தமா கீது. இதுக்குப் பொட்டு கீது, பாருங்க."

அப்போதுதான் நோட்டீஸை உற்றுப் பார்த்தேன். பொட்டைக் காணோம்! திரும்பினால், வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிருந்தது.

"கொழந்தைங்க பாஸ்போர்ட் போட்டோவுல திருஷ்டிப் பொட்ட எடுப்பேன் இல்ல... அந்தக் கைப்பழக்கத்துல எடுத்துட்டன் போல கீது."

"நாசமா போச்சு! கிளிக்கு இன்னா பாஸ்போர்ட்டா எடுக்கறோம்?"

என் போனில் பொட்டோடு இருக்கும் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினேன். அந்த அம்மா அசரவில்லை.

"பொட்ட எடுக்கத் தெரிஞ்சவருக்கு வெக்கவும் தெரியுமே! யாரு வேணா வந்து என்னுதுன்னு சொல்லலாம். எனக்கும் இதும்மேல உசுரா ஆயிடுச்சிம்மா. சும்மா தூக்கிக் குடுக்க முடியாது."

கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். மேலே பேச்சு எதற்கு? பையிலிருந்து கேமராவை எடுத்தேன். கூப்பிடவில்லை, விசில் அடிக்கவில்லை. கண்ணருகே தூக்கினேன், அவ்வளவுதான். கம்பியைக் கடித்துக்கொண்டிருந்த கிளி நிமிர்ந்தது. வலது கன்னத்தைத் திருப்பியது. கொண்டை எழுந்தது. க்ளிக் என்றதும் ஓடிவந்து, கம்பிக்கு வெளியே அலகை நீட்டி, தினைக்கதிர் எங்கே என்று என்னைப் பார்த்துக் கத்தியது. என் கண்ணே, என் தங்கமே! அந்த வராந்தாவில் என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை.

அந்த அம்மா தாமே கூண்டைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது.

"எடுத்துக்கினு போங்க. ஆனா என்கூட வெச்சி ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

கிளியை அவர் தோளில் உட்காரவைத்தேன். கேமராவைத் தூக்கியதும் அது வலது கன்னத்தைக் காட்டியது. அதைப் பார்த்து அவரும் தன் வலது கன்னத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த உடனே பெண் கிளி இறங்கிவந்து தீனி தின்றது. நான் அதற்கப்புறம்தான் ஒரு வாய் காபி குடித்தேன்.

அந்தப் படத்தை வீட்டுக்காரரைத் தொடவிடாமல் நானே பிரிண்ட் போட்டு, அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கியவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிளியின் கன்னத்தில் விரலை வைத்து, "பொட்டு கீது," என்றார்.