ஒற்றை போல்ட்டை நம்பாத அண்ணாச்சி

அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மகள் மேரி போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. போனை வைத்ததும் எங்கள் குழுவில் டிரம் வாசித்த பாஸ்கரனைக் கூப்பிட்டு, "உண்மையா?" என்று கேட்டேன். அவனும் அதற்குள் வேறு ஒருவரிடம் விசாரித்து முடித்திருந்தான். தேவசகாயம் அண்ணாச்சியோடு மேடையேறிய நாங்கள் எதையும் ஒருவர் சொல்லி நம்புவதில்லை. அப்படி எங்களைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

எண்பதுகளில் நெய்வேலியில் எங்கள் மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்களுக்கு அவரை மறந்திருக்காது. திருநெல்வேலிக்காரர். சுரங்கத்தில் கன்வேயர் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் கீபோர்டுதான். நான் பாடுகிறவள். அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அந்தக் கீபோர்டைக் கொண்டுவந்தார், ஸ்டாண்டைக் கொண்டுவரவில்லை. அங்கேதான் சனியன் பிடித்தது.

ஸ்டாண்டு வாங்கக் கடலூருக்குப் போனோம். கடையில் இரண்டு வகை இருந்தன. நான்கு கால் ஸ்டாண்டு அசையாமல் நின்றது. ஆனால் நம் ஊர் மேடைப் பலகைகள் மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரு கால் அந்தரத்தில் நிற்கும் என்று அதை ஒதுக்கினார். மற்றது கால்கள் குறுக்காக மடங்குவது. எந்தப் பலகையிலும் நிற்கும். அதன் ஒரு மூலையில் முழங்கையை ஊன்றி அழுத்தினார். மறுமூலை தூக்கியது. "ரெண்டு காலையும் ஒத்த போல்ட்டுல்லா பிடிச்சிருக்கு? அதை எப்படி வே நம்புறது?" என்றார். "வாங்கறதுன்னா வாங்குங்க சார், மேல ஏறி உக்காராதீங்க," என்றார் கடைக்காரர். வேறு வழியில்லாமல் அதையே வாங்கி, வண்டியில் திருடனைப் பிடித்துவருகிறவர்போலப் பிடித்துக்கொண்டு வந்தார்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாணக் கச்சேரி. அன்று காலைதான் எனக்கும் அவருக்கும் சுதி விஷயத்தில் வாய்ச்சண்டை. இரண்டாவது பாட்டில் ஸ்டாண்டு சரிந்து கீபோர்டு கீழே விழுந்தது. இடதுபக்கக் கட்டைகள் சில ஊமையாகிவிட்டன. அண்ணாச்சி போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "இது தானா கழலாது. யாரோ கை வச்சிருக்காவ. இன்னொரு தடவை விழுந்துதுன்னா நான் வாசிக்கதையே விட்டுருவேன்," என்றார். திரும்பி வரும்போது வேனில் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்த அவர் கண் என்மேல் நின்றது. அடுத்த ஒத்திகையில் என் மைக் ஸ்டாண்டுக்கு எட்டாத கடைசி மூலையில் இருந்தது. அட பாவி மனுஷா, சுதிக்காகவா போல்ட்டைக் கழற்றுவேன்! எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. பாடுவதையே விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

அடுத்தது எங்கள் பிளாக் கோயில் திருவிழா. அண்ணாச்சி, சுரங்கத்தில் கரண்டை நிறுத்தி மெஷினைப் பழுதுபார்க்கும்போது மாட்டுகிற சிவப்புத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் கட்டினார். 'ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதே' என்று எழுதியிருக்கும். மாட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும்; மேலதிகாரி வந்தாலும் தொடமாட்டார். எங்களைத் தடுக்க நல்ல வழி கண்டுபிடித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. மேடைக்கு லைன் கொடுக்க வந்தவரும் சுரங்க எலக்ட்ரீஷியன்தான். தகட்டைப் பார்த்ததும் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மேடை இருண்டது.

"டேக் தொங்கிகினு இருக்கும்போது நான் லைன் கொடுக்கமாட்டேங்க. போட்டவர் வந்து எடுக்கட்டும்," என்றார்.

"எடுத்தா எவனாவது தொடுவான் வே!" என்றார் அண்ணாச்சி. கூட்டம் விசிலடித்தது. பாஸ்கரன் சிரித்தே விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 'எவனாவது' யார் என்று எனக்குத் தெரியும். அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தகட்டை அவிழ்த்துவிட்டு, "தங்கச்சி, இங்க வா. பக்கத்துல நின்னு பாடு. ஒரு கை ஸ்டாண்டு மேல இருக்கட்டும்," என்றார்.

நம்பிக் கூப்பிட்டாரா, கண்ணெதிரே வைத்துக்கொள்ளக் கூப்பிட்டாரா? எனக்கும் சந்தேகம்தான். போய் நின்றேன். பாட்டு நடுவில் பாஸ்கரன் பெடலை மிதிக்க மிதிக்கப் பலகை அதிர்ந்தது. என் கைக்குக் கீழே ஸ்டாண்டு மெல்ல இறங்கியது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு பாடினேன். யாரும் தொடாமலே போல்ட் திரும்புவதை அண்ணாச்சி குனிந்து பார்த்தார். பாட்டு முடிந்ததும் ஸ்பேனரை எடுத்து முறுக்கினார்.

அவர் ஓய்வுபெற்று ஊருக்குக் கிளம்பிய நாளில் கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு என்னை நம்பித்தான் கூப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"ஸ்டாண்டு விழலல்லா? பொறவு என்ன கேள்வி?" என்று சிரித்தார். கடைசிவரை அவர் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்றும் கொஞ்சம் இருக்கிறது. செத்துப்போனார் என்பதற்காக இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தக் கோபத்தை அல்ல. திருவிழாவுக்கு அடுத்த கச்சேரியில் மைக்செட்காரர் என் மைக்கைக் கடைசி மூலையில்தான் நட்டார். அண்ணாச்சி எழுந்துபோய் அதைத் தூக்கிவந்து தன் பக்கத்தில் வைத்தார். "கையை வச்சுக்க," என்றார். வைத்தேன். வாசிக்கும்போது ஸ்டாண்டைவிட்டுப் பார்வையை எடுக்காத மனிதர், அன்று பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.